எழுத்தின் தலையில் ஒரு கங்காணி

அன்றைக்கு வெள்ளைத்துரையின் அச்சுக்கோப்பகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒருவர்மேல் ஒருவருக்கு எவ்வளவு வெறுப்பு என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சுழல் நாற்காலியில் முதலாளி வெள்ளைத்துரை, மின்விசிறி தன்மேல் மட்டும் படும்படி திருப்பி வைத்துக்கொண்டு. எதிரே, விருந்தாளி நாற்காலியில், மலைச்சாரல் கல்வி அறக்கட்டளையின் தேர்வுப் பொறுப்பாளர் அன்புச்செல்வன், கணக்கு வாத்தியார். மடியில் தோல் பை. பைக்குள் கேள்வித்தாள் கட்டுகளுக்கு முத்திரை வைக்கிற அரக்கு. எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கணினிக்கு முன்னால் கடையில் அச்சுக் கோக்கிற முத்துப்பிரியா. துப்பறியும் சந்திரவல்லிக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை. அவளாகவே காகிதக் கட்டுகளின் அடுக்கு ஒன்றைத் தட்டிப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய உதவியாளன் பால்பாண்டிக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஜெராக்ஸ் மெஷினில் சாய்ந்து நின்றான். மெஷின் சூடாக இருந்தது. அந்த அறையில் அவனிடம் கொஞ்சம் கதகதப்பாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

"புகார் தயாரும்மா," என்றார் வெள்ளைத்துரை. "இந்தப் பிள்ளையவே அடிக்கச் சொல்லியாச்சு. கடையில வேற யாருக்கு அடிக்கத் தெரியும்? சார் கையெழுத்துப் போட்டா ஸ்டேஷனுக்குப் போயிரும். நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னுதான் வெளங்கல."

"முத்துப்பிரியா கூப்பிட்டா, வந்தேன்."

"திருடினவளே துப்பறியிற ஆளைக் கூப்பிடுறாளாக்கும்!"

"திருடலைன்னாத்தான்ணே கூப்பிடத் தோணும்," என்றான் பால்பாண்டி. "திருடியிருந்தா வக்கீலையில்ல கூப்பிடுவாக."



விஷயம் இதுதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அறக்கட்டளை ஒரு திறனறித் தேர்வு வைக்கிறது. முதலில் வருகிறவர்களுக்குப் பொறியியல் கல்லூரியில் இலவச இடம். கணக்குக் கேள்வித்தாளை அச்சுக்குக் கோத்துத் தருவது இந்தக் கடை. தேர்வுக்கு முந்தின நாள், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் பின்சீட்டில் அந்தக் கேள்வித்தாளின் நகல் கிடந்தது. தேர்வு ரத்து. மலையிலிருந்து விடியக்கருக்கலில் கிளம்பி வந்த பிள்ளைகள் அழுதுகொண்டே திரும்பிப் போனார்கள். தாளை அடித்தவள் முத்துப்பிரியா. எனவே குற்றவாளியும் அவள்தான் என்று முடிவாகிவிட்டது.

"என் மக காளீஸ்வரியும்தான் அந்தப் பரிச்சை எழுத இருந்தா," என்றார் வெள்ளைத்துரை. "எனக்கு வலிக்காதா?"

பால்பாண்டி எட்டி முத்துப்பிரியாவின் திரையைப் பார்த்தான். புகார் கடிதம்தான். ஆனால் பெயர் வர வேண்டிய இடங்களிலெல்லாம் ஒரு சாய்கோடும் 'ஆசாமி' என்ற சொல்லும் நின்றன.

"என்ன தாயி, உன் பேரையே காணோம்?"

"மேல ஒரு வரியில 'ஆசாமின்னா இன்னார்'னு ஒரு தடவை எழுதியாச்சுண்ணே. தாள்ல வரும்போது எல்லா எடத்துலயும் பேரு தானா வந்துரும்." அவள் திரும்பவில்லை. "திருடின்னு என் பேரை நானே அத்தனை வாட்டி அடிக்கக் கை வரல."

சந்திரவல்லி எழுந்து மேசைமேல் இருந்த இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அறக்கட்டளைக்கு முறையாகப் போனது. மற்றது ஜீப்பில் கிடந்தது. கேள்வி அதே கேள்வி, வரிசை அதே வரிசை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், இந்த எழுத்துக்கு மேல நிக்கிறது என்ன?" என்று கேட்டாள்.

"வெக்டர் குறி. இதுகூடத் தெரியாதா?"

"உங்க தாள்ல எழுத்து தலையில அம்பு இருக்கு. திருட்டுத் தாள்ல வெறும் கோடு இருக்கு."

அன்புச்செல்வன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "முதல்ல கோடாத்தான் அடிச்சிருந்தாங்க. அம்புதான் வேணும்னு நான் சண்டை போட்டு மாத்தச் சொன்னேன்."

"அப்படிப் போடு!" வெள்ளைத்துரை மேசையைத் தட்டினார். "மாத்துறதுக்கு முந்தியே எடுத்து வெளிய விட்டிருக்கா. சோலி முடிஞ்சது."

"பதினேழாம் கேள்வி எப்ப குடுத்தீங்க சார்?"

"அது கடைசியாச் சேர்த்தது. அம்பு மாத்தினதுக்கு மறுநாள் நானே நேர்ல கொண்டாந்து குடுத்தேன்."

சந்திரவல்லி திருட்டுத் தாளின் அடிப்பக்கத்தைத் தட்டினாள். பதினேழாம் கேள்வி இருந்தது. அதிலும் வெக்டர் இருந்தது. அதன் தலையிலும் வெறும் கோடுதான்.

"புதுசாப் பொறந்த பிள்ளைக்குப் பழைய தொப்பி," என்றாள் அவள். "இது எப்படி நடக்கும் முத்துப்பிரியா?"

முத்துப்பிரியா முதன்முறையாக நாற்காலியைத் திருப்பினாள். அவள் தாய் செல்லக்கிளி ஏலக்காய் பொறுக்கிச் சம்பாதித்துப் படிக்க வைத்த பெண். கண் வீங்கியிருந்தாலும் குரல் சீராக இருந்தது.

"கணக்குக் குறி எதுவும் கீபோர்டுல இல்லக்கா. ஒவ்வொண்ணுக்கும் நீளமா ஒரு கட்டளை அடிக்கணும். அதனால நான் எல்லாத்துக்கும் குறுக்கு வச்சிருக்கேன். சாய்கோடு போட்டுக் 'கொக்கி'ன்னு அடிச்சா தொகையீட்டுக் குறி. 'கூரை'ன்னு அடிச்சா வர்க்கமூலம். 'கங்காணி'ன்னு அடிச்சா வெக்டர்."

"என் வெக்டருக்குக் கங்காணின்னா பேரு வச்சிருக்க?" அன்புச்செல்வனின் முகம் சிவந்தது.

"எழுத்து வேலை பாக்குது, அது சும்மா தலைமேல நிக்குது. வேற என்ன பேரு வைக்கிறது சார்?"

பால்பாண்டி தோட்டத்துக்கு ஜீப் ஓட்டின காலத்தில் பார்த்த, கூலியாட்களை மேய்க்கிற கங்காணிகளெல்லாம் அவன் கண்முன் வரிசையாக வந்து போனார்கள். இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான்.

"கேள்வித்தாள் கோப்புல வெறும் 'கங்காணி'தான் இருக்கும்," என்று தொடர்ந்தாள் முத்துப்பிரியா. "கங்காணின்னா எப்படி இருக்கணும்னு தனியா ஒரு குறுக்குப் பட்டியல் இருக்கு. சார் அம்பு கேட்டதும் அந்தப் பட்டியல்ல ஒரே ஒரு வரி மாத்தினேன். தாள் பூரா அம்பாயிருச்சு. இங்க இருக்கிற எல்லா மெஷினுக்கும் ஒரே பட்டியல்தான்."

"அப்ப கேள்வித்தாளை மட்டும் எடுத்துட்டு, பட்டியலை விட்டுட்டுப் போனா?"

"போற எடத்து மெஷின்ல என் பழைய பட்டியல் இருந்தா கோடு விழும்."

"ஏன், இவளே ஒரு வரியைத் திருப்பி மாத்தி அடிச்சிருக்கலாமே?" என்றார் அன்புச்செல்வன்.

"மாத்தலாம் சார். திருட்டுத் தாளுக்கு யாரும் தொப்பி மாத்த மாட்டாங்க." சந்திரவல்லி திரும்பினாள். "பழைய பட்டியல் யார்கிட்ட இருக்கும்?"

"பிரபு!" முத்துப்பிரியா வாய் திறக்கும் முன் வெள்ளைத்துரை கத்தினார். "இங்க ஒண்ணா வேலை பாத்தான். சண்டை போட்டுட்டு என் வாடிக்கையை எல்லாம் இழுத்துட்டுப் போடிமெட்டுல போய் உக்காந்திருக்கான். போகும்போது பட்டியலையும் தூக்கிட்டுப் போனான், நன்றி கெட்ட நாயி."

"போய்ப் பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் கையெழுத்து வேணாம் சார்."

அன்புச்செல்வன் பேனாவை மூடவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள வரலைன்னா போட்டுருவேன். அழுத பிள்ளைகளுக்கு நான் பதில் சொல்லணும்."

முத்துப்பிரியா ஒரு பென் டிரைவில் கேள்வித்தாள் கோப்பை மட்டும் ஏற்றிக் கொடுத்தாள். ரத்தான தாளுக்கு இனி ரகசியம் என்ன?

மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் ஜீப் முனக ஆரம்பித்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பால்பாண்டி ஒரு சந்தேகத்தைக் கேட்டான். சந்திரவல்லி ஒவ்வொன்றுக்கும் "ரோட்டைப் பாரு" என்றாள். மேலே ஏற ஏற வெயில் கரைந்து மூடுபனி ஆனது. எங்கிருந்தோ ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசம் வந்தது.

பிரபுவின் வீடு அந்த ஸ்டோருக்குப் பின்னால். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவனும், அவனுக்கு முன்னால் ஒரு நாயும்.

"வெள்ளைத்துரை அனுப்பினாரா? அந்தப் பேரைச் சொன்னா என் நாய் குரைக்காது. நேராக் கடிக்கும்."

"நாங்க சொல்லலையே, நீங்கதான் சொன்னீங்க," என்று பால்பாண்டி ஒரு அடி பின்னால் வைத்தான். "கடிக்கணும்னா உங்களைத்தான் கடிக்கணும்."

"எகத்தாளமா? கெளம்புங்கய்யா."

"முத்துப்பிரியா ஜெயிலுக்குப் போகப் போறா," என்றாள் சந்திரவல்லி.

பிரபு கதவைத் திறந்தான். இரக்கத்தால் அல்ல என்பதை உடனே தெளிவுபடுத்தினான். "அவ போகட்டும், வரட்டும், எனக்கென்ன? ஆனா நான் எடுத்தேன்னு அந்த ஆளு சொல்லியிருப்பாரு. அதுக்குத்தான் உள்ள விடுறேன். கொண்டாங்க அந்த டிரைவை. போட்டுக் காட்டுறேன், கண்ணால பாத்துட்டு எறங்கிப் போங்க."

கோப்பை ஏற்றினான். திரை முழுக்கச் சிவப்பு வரிகள் பொலபொலவென்று விழுந்தன. கொக்கியா, தெரியாது. கூரையா, தெரியாது. கங்காணியா, யாரது? ஒரு பக்கம்கூட வெளியே வரவில்லை.

"அவ என்னமோ தோட்டத்துக்கு ஆள் எடுக்கிற மாதிரி பேரு வச்சா. நான் வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அடிக்கிறவன். கங்காணின்னு அனுப்பினா அங்க இருக்கிறவன் என்ன நெனைப்பான்? வந்த அன்னைக்கே அவ பட்டியலைத் தொடச்சு எறிஞ்சுட்டு என் சொந்தக் குறுக்கு போட்டுக்கிட்டேன். இந்த மெஷின்ல அந்தத் தாள் வந்துச்சுன்னா என் மீசையை எடுத்துர்றேன்."

பால்பாண்டி அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். "அது ஏற்கெனவே எடுத்தாச்சே."

"அக்கா, இந்த ஆளை வெளிய அனுப்புங்க!"

"பாண்டி, போய் ஜீப்பைத் திருப்பு," என்றாள் சந்திரவல்லி. "நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வர்றேன்."

அவன் ஜீப்பைத் திருப்பினான். நாய் அவனை வழியனுப்ப டயர்வரை வந்தது. சந்திரவல்லி வந்து ஏறியபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பாதி மலை இறங்கியதும் பால்பாண்டிக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, பிரபு மெஷின்ல வராது. கடை மெஷின்ல அம்பு விழும். அப்ப அந்தப் பிள்ளைதானா? அதுதான் வரியை மாத்தி அடிச்சுதா?"

"வெரசா ஓட்டு. பொழுது சாயுது."

"வீட்டுல அந்தப் பிள்ளையோட ஆத்தாவுக்கு என்ன சொல்றது?"

"ரோட்டைப் பாரு பாண்டி."

அவர்கள் கடைக்குள் நுழைந்தபோது அன்புச்செல்வனின் கையில் பேனா திறந்திருந்தது. புகார் அச்சாகி அவர் முன்னால் கிடந்தது. முத்துப்பிரியா என்ற பெயர் வரிக்கு வரி நின்றது. அவள் அதே சுவரைப் பார்த்தபடி அதே நாற்காலியில் இருந்தாள்.

"என்ன ஆச்சு? கடிச்சானா?" என்றார் வெள்ளைத்துரை.

"உங்க பேரைச் சொன்னாலே அவனுக்கு ஆத்திரம் வருதுண்ணே. ஒரே ஒரு சிக்கல்." சந்திரவல்லி மறுபடி காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். "பழைய பட்டியலை அவன் மெஷின்ல இருந்து தொடச்சுட்டான். ஒண்ணுகூட மிச்சம் இல்ல."

"தடயத்தை அழிச்சுட்டான்! பாத்தீங்களா சார், அழிச்சுட்டான்!"

"அதான் கஷ்டமா இருக்கு. பழைய பட்டியல் எங்கயாச்சும் ஒரு மெஷின்ல இருந்தா, அதுல இந்தக் கோப்பைப் போட்டு அடிச்சுப் பாக்கலாம். ஜீப்புல கெடந்த தாளும் அதுவும் ஒத்துப் போச்சுன்னா, பழைய பட்டியல் வச்சிருந்த ஆளுதான் எடுத்தான்னு சார் முன்னாடியே நிரூபிச்சுரலாம். இல்லைன்னா அவன் தப்பிச்சுருவான்."

வெள்ளைத்துரையின் சுழல் நாற்காலி நின்றது. ஒரு கணம் யோசித்தார். பிரபுவுக்கு விலங்கு மாட்டுகிற காட்சி அந்த யோசனையை முழுசாக விழுங்கிவிட்டது பால்பாண்டிக்கே தெரிந்தது.

"எதுக்குத் தப்பிப்பான்? என் வீட்டு லேப்டாப்புல பழசு இருக்கு! அவன் இங்க இருந்தப்ப அவனே போட்டுக் குடுத்ததுதான். அதுக்கப்பறம் யாரும் தொடல." போனை எடுத்தார். "ஆத்தா காளீசு, அந்த லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டா... எதுக்குன்னெல்லாம் கேக்காத, வெரசா வா."

காளீஸ்வரி ஸ்கூட்டியில் வந்தாள். லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு, போகாமல் நிலைப்படியில் நின்றாள்.

முத்துப்பிரியா அதைத் திறந்து அச்சுக்கோப்பு மென்பொருளை அழுத்தினாள். வெள்ளைத் திரை வந்தது. அதன் நடுவில் ஒரு சின்னப் பெட்டி குதித்தது. அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"கடைசியாகத் திறந்த 'மலைச்சாரல் இறுதி' என்ற கோப்பைக் காணவில்லை. தேடட்டுமா?"

"அதை அன்னைக்கே அழிச்சுட்டேனே!" என்றார் வெள்ளைத்துரை.

மின்விசிறி அவர்மேல் மட்டும் வீசிக்கொண்டிருந்தது.

மலைச்சாரல் இறுதி என்பது பதினேழாம் கேள்வி சேர்ந்தபின் முத்துப்பிரியா கேள்வித்தாளுக்கு வைத்த பெயர். பிரபு அதற்கு வெகு முந்தியே மலை ஏறிவிட்டவன்.

சந்திரவல்லி அவசரப்படவில்லை. பென் டிரைவை நீட்டினாள். முத்துப்பிரியா கோப்பைப் போட்டு அச்சுக்கு விட்டாள். தாள் வெளியே வந்தது. ஒவ்வொரு வெக்டரின் தலையிலும் வெறும் கோடு. அன்புச்செல்வன் அதையும் ஜீப்புத் தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

"பிரபு மெஷின்ல இந்தத் தாள் வராது சார். கங்காணியையே அதுக்குத் தெரியாது," என்றாள் சந்திரவல்லி. "கடை மெஷின்ல அம்பு விழும். பழைய பட்டியலை வேற எங்க போட்டீங்கன்னு அவன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். துரை அண்ணன் வீட்டு லேப்டாப்புலன்னு கோபத்துல உண்மையைச் சொல்லிட்டான். பொறுப்பா லேப்டாப்பை வரவழைச்சுக் குடுத்தது துரை அண்ணன்."

"என் கடை! என் மெஷின்! நான் எதை வேணும்னாலும் திறப்பேன், எந்த நாயும் கேக்க முடியாது!" வெள்ளைத்துரை எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் மோதியது. "என் பிள்ளைக்கு ஒரு சீட்டு வேணும்னு நெனைச்சது குத்தமா? மூணு பேருமாச் சேர்ந்து மாட்டி விடுறீங்களா?"

"நான் கேக்கவே இல்லையேப்பா," என்றாள் காளீஸ்வரி, நிலைப்படியிலிருந்து. "வேணாம்னுதான் சொன்னேன். அழுதேன். நீங்க கேக்கல. எனக்கு மட்டும் தெரிஞ்சா அசிங்கம், எல்லாரும் பாக்கட்டும்னுதான் நானே அதை ஜீப்புல போட்டேன்." அவள் முத்துப்பிரியாவைப் பார்த்தாள். "உங்க மேல பழி வரும்னு தெரியாதுக்கா."

முத்துப்பிரியா லேப்டாப்பை மூடினாள். ஸ்கூட்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அன்புச்செல்வன் முன்னால் கிடந்த புகாரை நாலாகக் கிழித்தார். "இனிமே வேற எழுதணும். ஸ்டேஷன்ல ஏட்டையா காத்துக்கிட்டு இருப்பாரு. நேரமாகும்."

"ஒரு வரி சார்," என்றாள் முத்துப்பிரியா.

அவள் தன் கணினிக்குத் திரும்பினாள். புகாரின் உச்சியில், ஆசாமி என்றால் யார் என்று எழுதியிருந்த வரிக்குப் போனாள். தன் பெயரை அழித்தாள். அந்த இடத்தில் வெள்ளைத்துரையின் பெயரை ஒரே ஒரு முறை அடித்தாள். கீழே எதையும் தொடவில்லை. அச்சாகி வந்த கடிதத்தில், அவள் பெயர் நின்ற இடத்திலெல்லாம் அவர் பெயர் நின்றது.

பால்பாண்டி குனிந்து படித்தான். "வெள்ளைத்துரை என்பவர், வெள்ளைத்துரை என்பவரால், வெள்ளைத்துரை என்பவரை... அட, எல்லாம் கச்சிதமா ஒட்டுதே?"

"எந்தப் பேரு வந்தாலும் ஒட்டட்டும்னுதான் 'என்பவர்' வச்சு அடிச்சேன்."

"அப்ப காலையிலயே தெரியுமா, பேரு மாறும்னு?"

"யாரு பேருன்னு தெரியாது. என் பேரு இல்லைன்னு தெரியும்."

அன்புச்செல்வன் கையெழுத்துப் போட்டார். அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "வெக்டருக்கு வேற பேரு வை," என்று மட்டும் சொல்லிவிட்டு உறையை எடுத்தார். அவரால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான் போலிருக்கிறது.

"முத்து," வெள்ளைத்துரையின் குரல் இறங்கியிருந்தது, கண் இறங்கவில்லை. "நான் உனக்குச் சோறு போட்டவன். யோசிச்சுப் பாரு. நான் குடுத்த வேலை இது."

"ஆமாண்ணே," என்றாள் முத்துப்பிரியா, கணினியை அணைத்தபடி. "இந்தப் புகாரையும் நீங்க அடிக்கச் சொன்னதாலதான் அடிச்சேன்."

அன்புச்செல்வன் தீக்குச்சி கிழித்து அரக்கைக் காட்டினார். சிவப்பாக ஒரு துளி உறையின் வாயில் விழுந்து பரவியது. கேள்வித்தாள் கட்டுகளுக்கு வைக்கிற அதே முத்திரையை அதன்மேல் அழுத்தி, ஊதி, நீட்டினார். பால்பாண்டி வாங்கினான். விரலைச் சுட்டது.

சந்திரவல்லி காகிதக் கட்டிலிருந்து எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "ரோட்டைப் பாத்து ஓட்டு பாண்டி."

அவன் உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி, ஸ்டேஷன் இருக்கிற பக்கமாக வண்டியை விட்டான்.